அப்பாவின் ஃபியட்டைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். வயது 44. என் அப்பா 1983-இல் புதிதாக வாங்கிய பிரீமியர் பத்மினி கார், வீட்டில் எல்லோருக்கும் 'ஃபியட்', பதினோரு ஆண்டுகளாக வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2018-உடன் காலாவதியும் ஆகிவிட்டது. வார இறுதிகளில் நானே வேலை செய்து வண்டியை ஓட வைக்க ஆசை. ஸ்பேனர் பிடித்த பழக்கம் பைக்கோடு சரி. முழுவதையும் கழற்றி, கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். சரியா? மாருதி எஞ்சின், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், ஏ.சி. மூன்றும் வைக்கலாமா? உள்ளூர் பெயிண்டர் ஒருவர், "ஒரு மாதம் விடுங்கள், பட்டி பார்த்துப் புதுசு மாதிரி தருகிறேன்" என்கிறார். மனைவியோ, "இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுக் கொட்டகையைக் காலி செய்யுங்கள்" என்கிறாள். எங்கே தொடங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தோடு வந்த ஒன்பது படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல கொட்டகை. மேலே ஓடு, கீழே சிமெண்டுத் தரை. பதினோரு ஆண்டும் மண் தரையில் நின்றிருந்தால் இந்தப் பதில் கால்வாசி நீளத்தில் முடிந்திருக்கும். உங்கள் மனைவி ஜெயித்திருப்பார்.

முதல் கேள்விக்கு என் பதில்: கழற்றாதீர்கள்.

இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். பட்டறை வைத்த புதிதில், 1994-இல், எனக்கென்று ஒரு பழைய ஃபியட் 1100 வாங்கினேன். கழற்றுவது இருக்கிறதே, அதைப்போலச் சுகமான வேலை உலகத்தில் இல்லை. ஒவ்வொரு நட்டும் ஒரு வெற்றி. ஒன்பது நாளில் கூடு மட்டும் மிஞ்சியது. போல்ட்டுகளை அட்டைப்பெட்டிகளில் போட்டு, மேலே சாக்கட்டியால் 'கதவு', 'டேஷ்போர்டு', 'முன் வலது' என்று எழுதினேன். நவம்பர் மழையில் கூரை ஒழுகியது. அட்டை கூழாகி, எழுத்து கரைந்து, எல்லாம் ஒரே குவியலானது. அதற்குள் வாடிக்கையாளர் வண்டிகள் வந்து மொய்த்துக்கொண்டன. இரண்டு வருடம் கழித்து அந்தக் குவியலை நானே எடைக்குப் போட்டேன். ஃபியட்டின் எல்லாப் பாகமும் அதில் இருந்தது, ஃபியட் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு என் பட்டறைக்கு சாக்குமூட்டையாக வந்து சேர்ந்த கார்கள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். துருவில் செத்த கார்களைவிடப் பெட்டியில் செத்த கார்கள்தான் அதிகம்.

வீடியோவில் கழற்றுகிறவருக்கு லிஃப்ட் இருக்கிறது, ஆள் இருக்கிறது, வேறு வேலை இல்லை. உங்களுக்கு வாரத்தில் ஒரு ஞாயிறு. அதிலும் பாதி கல்யாணம், காதுகுத்து. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வேலை. பிரேக் என்றால் பிரேக் மட்டும். அது முடிந்து, பூட்டி, தள்ளிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. வண்டி எப்போதும் நான்கு சக்கரத்தில், ஸ்டீயரிங்கோடு, தள்ளினால் நகரும் நிலையில் இருக்க வேண்டும். கழற்றும் முன் படம் எடுங்கள். போல்ட்டை வந்த துளையிலேயே இரண்டு சுற்று திருப்பி விட்டுவையுங்கள். அதைவிட நல்ல பெட்டி கிடையாது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காகித வேலை ஒன்று இருக்கிறது. அலுப்பானதுதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டவர்கள் பெயிண்ட் அடித்த வண்டியைத் தெருவில் இறக்க முடியாமல் நிற்கிறார்கள். உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான படிவத்தின் எண் 31. நீங்கள் மூன்று ஆண்டு தாமதம். அபராதம் கட்டலாம், கட்டினால் தீருகிற விஷயம். தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் இருக்கும். அதில் பெயர் உள்ள மற்றவர்களின் ஒப்புதல் கேட்பார்கள். உடன்பிறந்தவர்கள் வெளியூரில் இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது கையெழுத்து வாங்கிவிடுங்கள். வண்டி பளபளவென்று நிற்கும்போது கேட்டால் கையெழுத்தோடு வேறு பேச்சும் வரும். இப்போது தூசியோடு நிற்கும்போது கேட்டால் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பார்கள்.

தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிப்பது. உங்கள் அப்பா 1998, 2003, 2008, 2013 என்று நான்கு தடவை தவறாமல் புதுப்பித்திருக்கிறார். படத்தில் அந்த முத்திரைகள் வரிசையாகத் தெரிகின்றன. கடைசியாகப் புதுப்பித்த பிறகு ஓரிரு வருடம்தான் ஓட்டியிருக்கிறார் என்று கணக்கு வருகிறது. இனி நீங்கள் புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டி பிரேக் பிடித்து, விளக்கு எரிந்து, இன்சூரன்ஸோடு ஆய்வாளர் முன் நிற்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து பழைய கார்களுக்கான கட்டணம் பல மடங்கு ஏறிவிட்டது. பெயர் மாற்றமும் புதுப்பிப்பும் எந்த வரிசையில் என்பதை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை தெருமுனைக் கடைக்குக்கூட ஓட்டிப் போகக் கூடாது.

சேசிஸ் எண் பொறித்த தகட்டையும் இப்போதே தேடிக் கண்டுபிடித்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துவையுங்கள். டின்கர் வேலைக்காரர் அவசரத்தில் கிரைண்டரை அந்த இடத்தில் வைத்துவிட்டால், ஆர்.சி. வேறு, வண்டி வேறு என்றாகிவிடும்.

இனி இரும்புக்கு வருவோம். மற்ற எல்லாவற்றுக்கும் பாகம் கிடைக்கும். உங்கள் பணமும் பொறுமையும் கரையப்போகிற இடம் தகடுதான்.

இத்தாலியில் 1953-இல் வெளியான ஃபியட் 1100-இன் வழியில் வந்தது பத்மினி. மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் செய்தது. சித்தூர் ராணியின் பெயரை வைத்தார்கள். நம்மூர் கடைசிவரை அதை 'ஃபியட்' என்றுதான் கூப்பிட்டது. இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம், கிடையாது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அடியில் தனிச் சட்டம் உண்டு. மேல்கூடு துருப்பிடித்தாலும் சட்டம் தாங்கும். பத்மினியில் தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற படிக்கட்டுத் தகடு, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றோடொன்று வெல்டாகி, அந்தக் கூடே வண்டியைத் தாங்குகிறது. அதனால் தரையில் ஓட்டை விழுந்தால் 'கால்மிதியைப் போட்டு மறைத்துவிடலாம்' என்கிற பேச்சுக்கே இடமில்லை. வீட்டின் சுவரில் செங்கல் உதிர்ந்த மாதிரி அது.

உங்கள் நான்காவது படத்தைப் பாருங்கள். இடது முன்கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. வெளியே சோளப்பொரி அளவு தெரிகிறது என்றால், உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும். துரு உள்ளிருந்து வெளியே வருகிற வியாதி. ஒரு பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். கால்மிதியைத் தூக்கி, கைப்பிடிப் பக்கத்தால் தரைத்தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பதில் சொல்லும். கெட்டது 'டப்' என்று விழுங்கிக்கொள்ளும். விழுங்கும் இடத்தில் முனைப் பக்கத்தைத் திருப்பி அழுத்துங்கள். பயப்படாமல் அழுத்துங்கள். முனை உள்ளே போனால் நல்லதுதான், இன்றைக்குத் தெரிந்தது. பேட்டரிக்கு அடியில், ஸ்டெப்னி படுக்கும் குழியில், கதவுகளின் அடி விளிம்பில், முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகளில், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தரையோடு சேரும் இடத்தில் இதே சோதனை. கடைசியாகச் சொன்ன இடம் இற்றுப்போயிருந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இன்னொரு சோதனைக்குக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு மேல் நகர்த்துங்கள். பிடிப்பு விட்டுப்போகிற இடத்தில் எல்லாம் பட்டி இருக்கிறது; பழைய விபத்து ஒன்று அங்கே தூங்குகிறது. உங்கள் அப்பா வீட்டில் சொல்லாமல் சரிசெய்த இடி ஒன்றாவது அகப்படும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பெயிண்டர் சொன்ன 'ஒரு மாதத்தில் புதுசு' இதனால்தான் ஆகாது. அவர் பட்டி பார்ப்பது துருவின் மேலேயே. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். ஒரு மழைக்காலம் தாண்டும். இரண்டாவதில் கொப்புளம் கிளம்பும். கெட்ட தகட்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்ட் செய்த பிறகு, மேடு பள்ளம் நிரவ மட்டும் கொஞ்சம் பட்டி. அந்த வெட்டும் வெல்டிங்கும் உங்கள் வேலை இல்லை. நல்ல டின்கர் ஆளைப் பிடியுங்கள். ஒரே ஒரு நிபந்தனை சொல்லுங்கள்: கதவுக்குக் கீழ்த் தகட்டை வெட்டுவதற்கு முன், கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும், ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். முட்டு இல்லாமல் வெட்டினால் கூடு நடுவில் தொய்யும். பிறகு கதவு எந்த ஜென்மத்திலும் ஒழுங்காகச் சாத்தாது.

சின்னப் பாகங்களின் துருவை வீட்டிலேயே எடுக்க ஒரு வழி உண்டு. வேதியியல் ஆசிரியருக்கு இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடாக் கரைசல். பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில், பழைய இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையில் கட்டி முக்கிவிடுங்கள். காலையில் துரு கறுப்புக் குழம்பாகக் கழன்றிருக்கும். நல்ல இரும்பை அது தொடாது. நேர்முனையில் வீட்டில் கிடக்கும் எவர்சில்வர் கரண்டியைக் கட்டிவிடாதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் என்ன நச்சாக மாறும் என்று வகுப்பில் நீங்களே நடத்தியிருப்பீர்கள். ஹைட்ரஜன் வருவதால் கொட்டகைக்கு வெளியே, நெருப்பு அண்டாத இடத்தில். வெளியே எடுத்ததும் கழுவித் துடைத்து அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் செந்தூள் பூத்துவிடும்.

அடுத்தது பிரேக். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்க உங்களுக்கு எவ்வளவு ஆசை என்று தெரியும். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். நிறுத்த முடியாத காரை ஓட வைப்பதில் என்ன அவசரம்?

அதற்கு முன் வண்டியைத் தூக்குவது பற்றி. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. செங்கல் வேண்டாம், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். எச்சரிக்கை எதுவும் தராமல் சடாரென்று நொறுங்கும். முக்காலி போன்ற இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்குக்கு நீங்கள் செலவழிக்கும் முதல் பணம் அதுவாக இருக்கட்டும். ஸ்டாண்டில் ஏற்றியபின் வண்டியை இடுப்பால் முட்டி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். அதன் பிறகே அடியில் தலையை நீட்டுவது.

பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கருந்தூள் கொட்டும். வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரசர் காற்றும் வேண்டாம். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் போட்டுக் கட்டி எறிந்துவிடுங்கள். இரண்டு பிரேக் ஷூவுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு இருப்பது வீல் சிலிண்டர். அதன் இரு முனை ரப்பர் மூடியையும் மெல்ல நெம்பிப் பாருங்கள். பதினோரு ஆண்டு நின்ற வண்டியில் உள்ளே பழுப்புச் சேறு இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளேயே துருவேற்றிவிடும். சிலிண்டர் சுவரில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் குழி இருந்தால் புதுச் சிலிண்டர்தான், தேய்த்துச் சமாளிக்காதீர்கள். நான்கு சக்கரங்களின் சிலிண்டர்கள், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய்கள் இவை எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். உலோகக் குழாய்களையும் முனை முதல் முனை வரை கையால் தடவிப் பாருங்கள்.

நம் மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம்: எதைக் கண்டாலும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது. பிரேக் ரப்பரில் அது பட்டால் இட்லி மாதிரி உப்பிவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும். ஒரு வாரத்தில் பிரேக் பிடித்தது விடாது, அல்லது பிடிக்காது. பிரேக் பாகங்களைப் புதுப் பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். அதே ஆயில் பெயிண்டில் சொட்டினால் பெயிண்டை உரித்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பாகங்களுக்குக் கவலை வேண்டாம். சென்னை புதுப்பேட்டையில் ஒரு சனிக்கிழமை காலை சுற்றினால் பாதி கிடைத்துவிடும். மும்பையில் கறுப்பு-மஞ்சள் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினிகூட 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் பல பத்தாண்டு அந்த நகரத்தையே சுமந்த வண்டியின் பாகம் அவ்வளவு சீக்கிரம் தீராது. கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத் தருவார்.

எஞ்சின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது 1089 சி.சி. கொண்ட நல்ல பிராணி, பட்டினி கிடந்தால் மன்னிக்கும். சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, மூன்று நாள் விடுங்கள். பிறகு எஞ்சினின் முன்பக்கம் இருக்கும் கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சுற்றினால் நல்ல சகுனம். அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். இன்னும் ஆயில், இன்னும் ஒரு வாரம். சிலிண்டர் சுவரில் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும். வலிந்து திருப்பினால் ஒடியும். சுற்றத் தொடங்கியதும் பழைய ஆயிலை இறக்கி, புதிது ஊற்றி, பிளக் மாட்டாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைகிற வரை சுற்றவிடுங்கள். அதன் பிறகே பிளக்கும் பெட்ரோலும். ரேடியேட்டரையும் தண்ணீர்க் குழாய்களையும் சரிபார்க்காமல் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்தால் வளைந்துவிடும்.

டேங்கில் இருப்பது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். டேங்கைக் கழற்றி ரேடியேட்டர் கடையில் கொடுத்துக் கழுவுங்கள். அதில் ஓட்டை இருந்து, பக்கத்துப் பட்டறைக்காரர் "காலி டேங்க்தானே, ஒரு பொட்டு வெல்ட் வைத்துவிடுகிறேன்" என்றால், டேங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. உள்ளே இருப்பது ஆவியும் காற்றும்.

இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1983-இல் பூட்டிய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பின் சவ்வும் அதைத் தாங்காது. இளகிப் பிசுபிசுத்து கார்ப்பரேட்டரை அடைக்கும், அல்லது வெடித்துச் சூடான எஞ்சின்மேல் சொட்டும். இரண்டையும் எத்தனால் தாங்கும் புதியதாக மாற்றி, நடுவில் ஒரு ஃபில்டர் வையுங்கள். எத்தனால் தன்னோடு ஆக்சிஜனைக் கொண்டுவருவதால் பழைய கார்ப்பரேட்டரின் கலவை மெலிந்து எரியும். எஞ்சின் இடறுகிறது என்றால் நல்ல கார்ப்பரேட்டர் மெக்கானிக்கிடம், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் போட்ட வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீராகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், மறுபடி துரு. தீயணைப்புப் பவுடர் சிலிண்டர் ஒன்று கொட்டகை வாசலில் தொங்கட்டும். உள்மூலையில் தொங்கினால் தீயைத் தாண்டிப் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மாருதி எஞ்சின், டிஸ்க் பிரேக், ஏ.சி. என்ற உங்கள் மூன்று ஆசைகளுக்கு இப்போது வருகிறேன்.

எஞ்சின் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் எதையும் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. எஞ்சின் எண் ஆர்.சி.யோடு பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார். சட்டத்தை விடுங்கள், இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய தனியார் வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கூடு, சேசிஸ், எஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் வண்டிக்கு 2033-இல் ஐம்பது. அதற்குள் மாருதி எஞ்சினை நுழைக்கக் கூட்டை வெட்டினீர்கள் என்றால், அந்தக் கதவையும் சேர்த்து அடைத்துவிட்டீர்கள்.

டிஸ்க் பிரேக்கும் வேண்டாம். வேறு காரின் பாகத்தை மாட்டுவதற்கு, முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ஸ்டீயரிங் நக்கிளில் வெல்ட் வைப்பார்கள். அந்த வெல்ட் எந்த நாளில் விடும் என்று வைத்தவருக்கே தெரியாது. லேத்தில் டிரம்மை வட்டம் பார்த்து, நல்ல லைனிங் ஒட்டி, நான்கையும் ஒரே சீராக அட்ஜஸ்ட் செய்தால், மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் போகிற குடும்ப வண்டிக்கு அது போதும். பத்மினி பிரேக் மோசம் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அட்ஜஸ்ட் செய்யாத பத்மினியை ஓட்டியவர்கள்.

ஏ.சி.யைப் பொறுத்தவரை, புதுக்கோட்டை வெயிலில் நின்றுகொண்டு கேட்கிறீர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கம்ப்ரசர் இழுக்கும் சக்தியை இந்தச் சின்ன எஞ்சின் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுக்கும். ரேடியேட்டரும் மின்சாரமும் சேர்ந்து திணறும். ஒரு கோடை ஓட்டிப் பாருங்கள். முன்கதவின் அந்த முக்கோணக் கண்ணாடியை முழுக்கத் திருப்பிவிட்டால், காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். பிறகும் வேண்டுமென்றால் பேசலாம்.

மாற்றமே கூடாது என்கிற கட்சிக்காரன் இல்லை நான். வெளியே தெரியாத, நாளைக்குக் கழற்றினால் அடையாளம் மிஞ்சாத மாற்றங்களைத் தாராளமாகச் செய்யுங்கள். முகப்பு விளக்குக்கு ரிலே வையுங்கள்; அப்போது பழைய சுவிட்சு சூடாகாது, வெளிச்சமும் கூடும். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்று, முறையான ஃபியூஸ் பெட்டி, ரேடியல் டயர், முன்சீட்டுக்கு பெல்ட். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் செட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் செட். பழைய பாயின்ட்டை டிக்கியில் ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். எலெக்ட்ரானிக் செட் நின்றால் நின்றதுதான், பாயின்ட் செட்டை வழியோரத்தில் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வீடு வந்து சேரலாம்.

பெயிண்ட் கடைசி. பெயிண்டோடு ஹார்டனர் கலந்து அடிக்கும் இன்றைய டூ-கே வகையில், அந்த ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டில் அடிக்கிற சமாச்சாரம் இல்லை. தேய்ப்பது, பிரைமர் வரை கொண்டுவருவது உங்கள் வேலை. அடிப்பதைப் பெயிண்ட் பூத் இருக்கிற இடத்தில் விடுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். படத்தில் டிக்கி மூடியின் உள்பக்கம் வெயில் படாத இடத்தில் அசல் நிறம் அப்படியே இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே.

உங்கள் மனைவியின் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது; பதினோரு வருடம் அந்தக் கொட்டகையில் துணி காயப்போட முடியாதவர் அவர்தான். காலக்கெடு ஒன்று கொடுங்கள். அடுத்த ஆடிக்குள் இந்த வண்டி தானாக வெளியே வந்து, பிரேக் பிடித்து நின்று, தானாக உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் அவர் சொன்னபடி. அப்புறம் அவரிடம் ஓர் உதவியும் கேட்டாக வேண்டும். பிரேக் குழாயில் ஏர் எடுப்பதை ஒற்றை ஆளால் செய்ய முடியாது. அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மெல்ல மூன்று தடவை மிதித்து, கடைசி மிதியில் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் சக்கரத்தடியில், காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க, அதில் மாட்டிய ஒளி ஊடுருவும் குழாயில் குமிழோடு ஆயில் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். முன்னால் சொன்னால் வெளியே போன காற்று அத்தனையும் திரும்ப உள்ளே. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்கவும் ஒரு கண் வேண்டும், அதற்கு வீட்டுப் பிள்ளைகள் யாராவது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் சக்கரம் முதலில், அதாவது பின்பக்கம் இடது.